மாமி வீட்டுக்கு ஓடாத கார்

"கோயிலுக்கு ஓடும், வயல் வட்டைக்கு ஓடும். எங்கட அம்மா வீட்டுக்கெண்டாத்தான் ஸ்டார்ட் வராது, காக்கா."

"அப்ப காருக்கும் மாமியார் சண்டையா, தம்பி?"

போன மாதம் மெக்கானிக் உசனார் காக்கா இப்படிச் சிரித்தது உதயரூபனுக்கு இப்போது எரிச்சலூட்டியது. கழன்ற பற்றரி வயருக்கு அவர் புதுக் கிளிப் போட்டிருந்தார். இன்று காலை உதயரூபனே அதை ஸ்பனரால் இறுக்கினான். ஆனாலும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டபோது கார் அசையவில்லை.

சுனாமிக்குப் பிறகு அம்மா குருக்கள்மடத்துக் கடற்கரை வீட்டில் தனியாக இருந்தார். அவன் குடியிருப்பது மனைவியின் சீதன வீடு. அம்மாவையும் இங்கே கூட்டி வரட்டுமா என்று கேட்க அவனுக்கு வாய் வரவேயில்லை.

"இந்தத் தகரத்த வித்துத் தொலைக்கப்போறன்!"

பானட்டைத் திறந்தான். வயர் மறுபடியும் கழன்று கிடந்தது. திரும்பிப் பார்த்தான். மனைவி யசோதினியின் விரல்களில் கறுப்புக் கிறீஸ்.

"நீயா? அம்மாவ அவ்வளவு பிடிக்காதா உனக்கு?"

"இப்பிடி நினைப்பீங்கெண்டுதான் சொல்லல்ல. சுனாமி வந்த அந்தக் கடல எனக்கு இன்னும் பாக்கேலாது" என்று அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"மாமிய இஞ்ச கூட்டிக்கொண்டு வந்து நம்மளோட வெச்சிருப்பமா?"