இந்த ரூம்ல எடுத்தது

“ரூமக் காட்டி மாமா மனச மாத்திடலாம்னு நெனைக்காத நிலானி. திருச்செல்வம் மாப்பிள்ளையா வேணாம். அவ்ளோதான்.”

சொல்லிக்கொண்டேதான் சிவசம்பு அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்தார். செராஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் தங்கை வீட்டுக்கு வரும்வரை காரிலேயே ஒத்திகை பார்த்திருப்பார் போல.

நிலானி அதிகம் பேசுகிறவள் இல்லை. கேட்டால் சொல்வாள், அதுவும் கேட்டதற்கு மட்டும். அப்பா இல்லாத வீட்டில் பெரிய மாமா வைத்ததுதான் சட்டம். “அண்ணன் சரின்னா எனக்கும் சரி” என்று சொல்லிவிட்டு அம்மா கனகேஸ்வரி தேநீர் போடப் போய்விட்டாள்.

“அவன் தாத்தா காப்பார் ரப்பர் எஸ்டேட்ல பால்மரம் சீவுனவரு. நாம சிலோன் ஆளுங்க. உன் தாத்தா ரெயில்வேல பெரிய கிளார்க். சரிப்பட்டு வருமா?”

“திரு நல்லவரு மாமா.”

“நல்லவன் வேற, நம்மவன் வேற.”

பேச்சை முடித்துவிட்ட திருப்தியில் அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கல்யாணம் ஆகும்வரை அவர் படுத்திருந்த அறை. நிலானி அதை எழுபதுகளுக்கே திருப்பி அனுப்பியிருந்தாள். பாதிச் சுவர் வரை வெளிர்பச்சை. ஸ்டோரிலிருந்து இழுத்து வந்து சாயம் அடித்த பழைய இரும்புக் கட்டில். மேசையில் பாடாத ரெடிஃபியூஷன் வானொலிப் பெட்டி. பக்கத்தில், விரல் விட்டுச் சுற்றினாலும் எங்கும் போகாத ஒரு போன்.

“நாங்க குப்பைல போட்டத நீ காசு குடுத்து வாங்கியிருக்க.”

“ரெட்ரோ மாமா.”

“துருப்பிடிச்சதுன்னு சொல்லுலா.”

சிரித்தபடி திரும்பியவர், கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விட்டார்.

பழுப்பு நிறப் படம். அதே கட்டில், அதே ஜன்னல் கம்பிகள். ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பெண். முதுகு மட்டும்தான் தெரிகிறது. புள்ளி போட்ட புடவை, ஒற்றைச் சடை, சடையில் மல்லிகைச் சரம்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு போய்க் கதவைச் சாத்தினார்.

“இது எங்க எடுத்தது?”

“இந்த ரூம்லதான் மாமா.”

“எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டேனே” என்று முனகினார். “இது யாருன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாம இருக்குமா மாமா?”

“எடுத்தது யாருன்னு?”

“அதுவும் தெரியும்.” நிலானி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா கட்டிலில் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது.

“உங்கம்மாவுக்கு?”

“தெரியும். மொதல்ல திட்டினாங்க. பெறகு சிரிச்சிட்டாங்க.”

“சிரிச்சாளா? சரி, உங்க மாமிக்கு?”

“இன்னும் காட்டல. ரூம் பாக்க நாளைக்கு வராங்கல்ல, அப்பக் காட்டலாம்னு.”

“வேணாம்.” மாமா குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்குத் தைப்பூசம். வீட்டுல எல்லாரும் பத்துமலைக்குப் போயிட்டாங்க. எனக்குக் காய்ச்சல்.”

“காய்ச்சலா மாமா?”

“காய்ச்சல் இல்லலா.” அவர் படத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்தார். “தாமரைன்னு பேரு. ரெயில்வே லைன் வீட்டுப் பொண்ணு. அவங்களும் எஸ்டேட்லருந்து வந்தவங்கதான். ஒரே ஒரு படம்னு கெஞ்சினேன். மூஞ்சியக் காட்ட மாட்டேன்னு திரும்பி உக்காந்துட்டா.”

நிலானி வாயைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“திருவுக்கு. அவரு போன்லயும் இருக்கு.”

“அந்தப் பையன் போன்லயா?” மாமா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “வெளிய பேசிடுவானா?”

“வீட்டு விஷயத்த வெளிய பேச மாட்டாரு மாமா.”

“வீட்டு ஆளா இருந்தாத்தான அது வீட்டு விஷயம்?” சொல்லிவிட்டு மாமா யோசித்தார். நெற்றி வேர்த்தது. துடைத்துக்கொண்டு மறுபடி யோசித்தார். “வீட்டு ஆளாவே ஆயிட்டா?”

நிலானி கால் விரலைப் பார்த்தாள்.

“காப்பார் ஒண்ணும் தூரமில்ல” என்றார் மாமா. “பால்மரம் சீவறதும் ஒழைப்புத்தான். இந்தப் படத்த நான் கொண்டு போறேன்.”

“மாமா, அது வந்து, என்னோட...”

“ஒண்ணும் சொல்லாத பிள்ள. நீ ஒண்ணும் பாக்கல, நான் ஒண்ணும் சொல்லல.”

தேநீர்த் தட்டோடு வந்த கனகேஸ்வரி, கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு வெளியே வந்த அண்ணனிடம் மோதப் பார்த்தாள்.

“கனகு, திரு தங்கமான பையன். தை மாசமே நாள் பாத்துடு. தேத்தண்ணி வேணாம், மாமி தேடுவா.”

கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. கனகேஸ்வரி தட்டை மேசையில் வைத்தாள். மகளைப் பார்த்தாள். கட்டிலுக்கு மேலே தனியாக நின்ற ஆணியைப் பார்த்தாள்.

“அண்ணனா இப்படிப் பேசிட்டுப் போறாரு? படம் எங்க?”

“மாமா கேட்டாரு. குடுத்துட்டேன்.”

“அவருக்கு எதுக்கு?” என்றாள் அம்மா. “போன ஞாயித்துக்கிழம என் பழைய புடவயச் சுத்திக்கிட்டு, திரு கேமராவத் தூக்கினதும் நீ வெக்கப்பட்டுத் திரும்பி உக்காந்த படம்தான அது?”