சிவப்புக் கெட்டில்

கெலுகோர் அடுக்குமாடி வீட்டில் மாலை வெயில் தொலைக்காட்சித் திரையின் பாதியை மறைத்துக்கொண்டு விழுகிறது. பழைய ஜப்பானிய இயக்குநர் ஒருவரின் படம் ஓடுகிறது. கொடியில் காயும் துணிகள், ஆளில்லாத நடைவழி, தூரத்து ரயில். எந்தப் படமானாலும் இவரிடம் இவை தப்பாமல் வரும். கூடவே ஏதாவது ஒரு மூலையில் சிவப்புக் கெட்டிலும் வரும். அதை முதலில் பார்த்தவர் உட்கார்ந்திருக்கலாம், மற்றவர் எழுந்து தேத்தண்ணி கலக்க வேண்டும் என்பது தயாளனுக்கும் லோகேஸ்வரிக்கும் முப்பது வருட ஒப்பந்தம். லோகேஸ்வரி ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவள் போய் இன்றோடு நாற்பது நாள். ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கழியில் அவருடைய சட்டைகள் மட்டும் ஆடுகின்றன. திரையில் ஒரு கூடம் விரிகிறது; பாயின் ஓரத்தில் சிவப்பாக அது உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து நாற்காலியின் கைப்பிடியைத் தட்டப் போன தயாளனின் விரல்கள் பாதியில் நின்றுவிடுகின்றன. "அப்பா, கெட்டில் வந்திருச்சுலா. பாக்கலையா?" என்கிறாள் மகள் மோகனா, தரையில் அமர்ந்து அம்மாவின் சேலைகளை மடித்துப் பைக்குள் வைத்தபடி. அவர் கண்ணாடியைக் கழற்றி மெல்லத் துடைக்கிறார். "ஒங்கம்மாதான் மொதல்ல பாத்தா" என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்து அடுப்படிக்குப் போகிறார்.