அட்டை வீடு

“தொடாதே!”

மியூசியத்துக்குள் காலெடுத்து வைத்ததிலிருந்து டீச்சர் இதை எத்தனை முறை சொல்லியிருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை. ஆறு வயது மகளுக்கும் நாலு வயது மகனுக்கும் கை சும்மா இருந்தால்தானே! பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே ஒரு முறைப்பில் அடக்குகிறவளுக்கு, பெற்ற இரண்டையும் மேய்ப்பதற்குள் மூச்சு வாங்கியது.

“அம்மா, இதுல ஒண்ணுமே வரையலையே? வெறும் வெள்ளையா இருக்கு,” என்றாள் மகள்.

“அதான்டி மாடர்ன் ஆர்ட். நாமதான் யோசிச்சுப் பார்க்கணும்.”

“ஏன், வரைஞ்சவங்களுக்கு யோசிக்க நேரமில்லையா?”

பதில் தெரியாதபோது வழக்கமாகச் செய்வதைச் செய்தாள் டீச்சர். “வாயை மூடிக்கிட்டு வா,” என்று அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கடைசி அறையில் ஈ காக்கை இல்லை. சுவரோரமாக ஒரு காவல்காரப் பெண் மட்டும் முகத்தைச் சிடுசிடுவென்று வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நடுவில் கயிறு கட்டி, அதற்குள் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளாலும் பிளாஸ்டிக் ஷீட்டாலும் ஒரு குடிசை. பக்கத்தில் ஒரு பலகையில் ‘தெருவோர வீடு’ என்று எழுதியிருந்தது.

உள்ளே கந்தல் போர்வைக்கு அடியில் இரண்டு பொம்மைகள். ஒரு பையன், அவனை ஒட்டிக்கொண்டு அவனைவிடச் சின்னதாக ஒரு பெண். இரண்டும் கண்ணை மூடிப் படுத்திருந்தன.

“கயித்துக்கு இந்தப் பக்கமே நில்லுங்க மேடம். கிட்ட போகக் கூடாது,” என்றாள் காவல்காரி. குரலும் முகத்தைப் போலத்தான் இருந்தது.

டீச்சர் காதில் அது விழவேயில்லை.

“என்னமா செஞ்சிருக்காங்க! மெழுகுன்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப முடியாது. அந்தக் காஞ்சுபோன உதட்டைப் பாரேன்... பெத்த வயிறு பத்தி எரியும்.”

நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்து ஒற்றிக்கொண்டாள். டீச்சர் அல்லவா, அதோடு விட முடியுமா? பிள்ளைகளை முன்னால் நிறுத்தினாள்.

“நல்லாப் பார்த்துக்கோங்க. ஒதுங்க இடமில்லாம எத்தனை குழந்தைங்க இப்படிக் கிடக்குதுங்க தெரியுமா? இவங்களைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போகக் கூடாது. மனசு இளகணும். புரியுதா?”

“பொம்மைக்குக் காய்ச்சலாம்மா?” என்றான் மகன். “நெத்தியெல்லாம் வேர்த்திருக்கே.”

“அது பெயிண்ட் கண்ணா.”

போனை எடுத்து ஒரு படம் எடுத்தாள். சரியாக வரவில்லை. கயிற்றின் மேல் சாய்ந்து இன்னும் கிட்டத்தில் நீட்டினாள்.

பையன் பொம்மை இருமியது.

டீச்சர் வீல் என்று கத்தினாள். பையன் பதறி எழுந்து உட்கார்ந்து மறுபடியும் இருமினான். நெஞ்சு பிடுங்கிக்கொண்டு வருகிற மாதிரியான இருமல்.

“ஐயையோ, நிஜப் பிள்ளைங்க! தள்ளிப் போங்கடா, என்ன நோயோ என்ன எழவோ!” மகனையும் மகளையும் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணில் இருந்த ஈரம் எப்போது காய்ந்ததென்றே தெரியவில்லை.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

“இதுக்கா டிக்கெட் வாங்கிட்டு வர்றோம்? பொம்மைன்னு பார்த்தா தெருப் பிள்ளைங்க உள்ளே வந்து படுத்திருக்கு! சின்னக் குழந்தைங்களோட வந்திருக்கேன். ஏதாவது தொத்திக்கிட்டா யார் பொறுப்பு?”

“அதுல பொம்மையே கிடையாது மேடம், வெறும் போர்வைதான்,” என்ற சூப்பர்வைசர் காவல்காரியின் பக்கம் திரும்பினார். “நீதான் உள்ளே விட்டியா? விட்டது நீன்னா இப்பவே யூனிஃபார்மைக் கழட்டிக் கொடுத்துட்டுக் கிளம்பு. நாளைக்கு வர வேண்டாம்.”

காவல்காரி குடிசைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

“எனக்குத் தெரியாது சார். எப்படிப் புகுந்துச்சுங்கன்னே தெரியலை.”

“அப்ப பிடிச்சு வெளியே தள்ளு.”

காவல்காரி கயிற்றைத் தாண்டிப் போய் இரண்டு பேரையும் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். “எந்திரிங்க சனியன்களே! படுக்க வேற இடமா கிடைக்கலை?” பையன் தள்ளாடினான். அவன் முதுகில் ஓர் அடி விழுந்தது. பிள்ளைகள் வாயே திறக்கவில்லை, அழக்கூட இல்லை. அவள் இழுத்த இழுப்புக்குப் போனார்கள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. புகார் சொன்னது சரிதான். அதற்காக நோயாளிப் பிள்ளையை அடிக்கவா சொன்னாள்? என்ன ஜென்மமோ! மகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். “சும்மா வா,” என்று அடக்கினாள்.

மனசு ஆறவில்லை. அந்தக் காவல்காரியை நாலு கேள்வி கேட்காமல் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு கீழே இறங்கினாள். வெளியே நல்ல மழை. பின்வாசல் கதவு பாதி திறந்திருந்தது. காவல்காரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம், நனைந்த படிக்கட்டில், அந்த இரண்டு பிள்ளைகளும்.

“ஏம்மா, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பிள்ளை பெத்திருந்தா இப்படிக் கை நீட்டுவியா?”

காவல்காரி திரும்பவில்லை. அவள் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னப் பெண்தான் விசும்பினாள்:

“நீ சொன்ன மாதிரி நான் அசையவே இல்லம்மா... அண்ணன்தான் இருமிட்டான்.”