நிரம்பாத போத்தல்

சுவிஸின் வின்டர்தூர் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் பாதியைக் குடித்துத் தீர்த்தும், பேஸ்போல் வீரன் கிஷோபனின் சிறுநீர்ப் போத்தலில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

ஊக்கமருந்துச் சோதனை எடுக்க வந்த அதிகாரி சண்முகலிங்கம் கழிவறைக்குள் கைகட்டி நின்றார். வெளியே பயிற்சியாளர், "இன்றைக்குத் தராவிட்டால் தடைதான்!" என்று கதவை இடித்தார்.

"அங்கிள், கொஞ்சம் அங்கால திரும்புங்கோவன்."

"ஏலாது தம்பி. கண்ணெடுக்காமல் பார்க்கவேணும், அதுதான் சட்டம். ஸ்டீராய்ட் ஏதும் போட்டனீரோ?"

"சத்தியமா இல்லை!"

"அப்ப ஆம்பிளைக்கு ஆம்பிளை என்ன வெக்கம்?"

"உங்கட மகள் யாதவி, ஞாயிற்றுக்கிழமை வீட்டை கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொன்ன பெடியன்... நான்தான்."

சண்முகலிங்கம் பம்பரமாய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி, போனை எடுத்தார்.

"உடனே வேற ஆளை அனுப்புங்கோ. மருமகனை நான் சோதிக்கக் கூடாது!"

அந்த ஆள் வரும்வரை அடக்கிக்கொள்ளத்தான் கிஷோபன் படாத பாடு பட்டான்.