செவ்வாய்க்கிழமை ஏழரை மணி

“உள்ளே வந்து பேசலாமா மேடம்?” என்றார் ஹ்யூபர்ட் ஸ்ட்ரவுட்.

“இங்கேயே பேசுங்க.” வெர்னா வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். ஒஹாயோ வெயில் அவர் தொப்பிமேல் சுள்ளென்று அடித்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை.

எந்த வீட்டில் எந்த டி.வி. நிகழ்ச்சி ஓடுகிறது என்று கணக்கெடுக்கும் கம்பெனியின் ஆள் அவர். வெர்னா வீட்டுக் கூரையில் இருக்கும் ஆன்டெனாதான் தெருவிலேயே உயரம். எதிர்வீட்டைவிட இரண்டடி கூட இருக்க வேண்டும் என்று அவள் கணவன் ஆர்ன் அடம்பிடித்து நட்டது. அதைப் பார்த்துத்தான் ஸ்ட்ரவுட் இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்து, பார்க்கும் நிகழ்ச்சிகளை எழுதிவைக்கச் சொல்லித் தபாலில் ஒரு நோட்டு அனுப்பியிருந்தார்.

இப்போது, அவள் எழுதித் திருப்பி அனுப்பிய அதே நோட்டை விரித்துக் காட்டினார். “செவ்வாய்க்கிழமை ஏழரை மணி. நாலு வாரமும் லயனல் ப்ரைஸ் பாட்டு நிகழ்ச்சின்னு எழுதியிருக்கீங்க. வீட்ல அஞ்சு பேருமா பாத்தீங்க?”

“அஞ்சு பேரும்தான். ஏன், பாக்கக் கூடாதா?”

“அந்தாளு கறுப்பர், மேடம். வெள்ளைக்காரங்க வீட்ல அவரை யாரும் பாக்கறதில்லைன்னு சோப்புக் கம்பெனி விளம்பரத்தை நிறுத்தப் போகுது. அடுத்த மாசம் நிகழ்ச்சியே இருக்காது. இந்த நேரத்துல ஒரு வீடு மட்டும் இப்படி எழுதினா, நான் வேலையை ஒழுங்கா பாக்கலைம்பாங்க. இந்தாங்க ரப்பர். கௌபாய் தொடர்னு மாத்திடுங்க. தெருவே அதைத்தான் பாக்குது.”

வெர்னாவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அடுப்படி ரேடியோவில் அந்தக் குரல் வந்தால் பாத்திரம் தேய்க்கிற கை தானாக நின்றுவிடும் அவளுக்கு. தோலைப் பார்த்து ஒரு பாட்டுக்காரரைத் துரத்துவார்களாம், அதற்கு இவள் ரப்பர் பிடிக்க வேண்டுமாம்.

“அழிக்க மாட்டேன். என் வீட்ல என்ன பாக்கணும்னு சோப்புக்காரன் சொல்ல வேண்டாம்.”

“தெருவுக்குத் தெரிஞ்சா என்ன பேசுவாங்கன்னு யோசிங்க.”

“நீங்களே வீடு வீடாப் போய்ச் சொல்லுங்க. பேரெல்லாம் வேணும்னா நான் எழுதித் தரேன்.”

ஸ்ட்ரவுட் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். அந்தக் கார் தெருமுனை திரும்பும்வரை வெர்னா கதவைவிட்டு நகரவில்லை.

அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆர்ன் தலையை நீட்டினான். “ஒரு பாட்டுக்காரருக்காக இவ்வளவு சண்டையா வெர்னா?”

“பின்னே? நாம டி.வி. பெட்டி வாங்குற வரைக்கும் அவர் அதுல இருக்கணும்ல?”