விடியற்கால மூச்சு

“இந்தப் பொண்ணுகிட்ட எவ்வளவு வேலை வாங்குறீங்க?”

டாக்டர் கேட்டது மாமியாரை. மாமியார் வாய் திறக்கவில்லை. மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், உதடுகளை இறுக்கிக்கொண்டு சுவரையே பார்த்தாள். அந்த மௌனம் டாக்டருக்குத் திமிராகப் பட்டது.

“வேலையா? ஒரு டம்ளரைக்கூட கழுவ விடமாட்டாங்க டாக்டர்” என்றாள் மருமகள். ஏழு மாத வயிறு மேசையில் இடிக்காமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

“நீ சும்மா இரும்மா. அவங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வேற என்ன சொல்லுவ?”

ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிகளைப் பற்றி அந்த ஆஸ்பத்திரி நடத்திய ஆய்வில் மருமகளும் சேர்ந்திருந்தாள். சேர்ந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இலவச சிகிச்சையோடு கையடக்கமான ஒரு கருவியும் கொடுத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் நன்றாக மூச்சை இழுத்து, அதில் வேகமாக ஊத வேண்டும். அளவு தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும். கணினித் திரையில் இவளுடைய அளவைக் காட்டும் கோடு இரண்டு மாதமாக இறங்கிக்கொண்டே வந்திருந்தது.

“எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர். இவ்வளவு படி ஏறி வந்தேன், எனக்கு இரைக்குதா பாருங்க.”

“பகல்ல எல்லாரும் நல்லாத்தான் இருப்பீங்க. விடியக்காலைலதான் இது கழுத்தைப் பிடிக்கும். அதனாலதானே காலைல ஊதச் சொல்றோம்?”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். நெஞ்சு தெளிவாகத்தான் இருந்தது. அதுவே அவருடைய பயத்தை அதிகமாக்கியது. போன வருடம் ஒருத்தி இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அடுத்த முறை வந்தபோது அவள் வயிற்றில் குழந்தை அசையவில்லை.

“அத்தை...” என்று இழுத்தாள் மருமகள்.

மாமியார் கண்ணாலேயே அதட்டினாள். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். “மாமியார் கொடுமையெல்லாம் டிவியோட போச்சுன்னு நெனச்சேன்மா. இன்னும் இருக்கு போல.”

மாமியார் முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, இவளை இப்பவே அட்மிட் பண்றேன். அம்மாவுக்கு மூச்சு பத்தலைன்னா குழந்தைக்கும் பத்தாது. தேவைப்பட்டா சீக்கிரமே எடுத்துடுவோம். குழந்தையோட நுரையீரல் இன்னும் முழுசா தயாராகல. அதுக்கு முதல்ல ஒரு ஊசி.”

“இப்பவே எடுக்கிறதா? ஏழு மாசத்துலயா?” மருமகளின் இரண்டு கைகளும் வயிற்றைப் பொத்திக்கொண்டன. “அத்தை, சொல்லிடுங்க அத்தை!”

நர்ஸ் ஊசியோடு வந்தாள். பஞ்சால் துடைக்க மருமகளின் கையைப் பிடித்தாள்.

மாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நர்ஸின் கையைத் தள்ளிவிட்டாள்.

“வேணாம்... அவளுக்கு... ஊசி வேணாம்.”

“ஏன் வேணாம்?” டாக்டரின் குரல் உயர்ந்தது. “இவ உயிரு உங்களுக்கு அவ்வளவு எளக்காரமாப் போச்சா?”

“திட்டுங்க டாக்டரம்மா... தப்பு என்னுதுதான்.” மாமியார் நின்று, எச்சிலை விழுங்கி, மீண்டும் தொடங்கினாள். “ராத்திரி பூரா... வயித்துப் புள்ள உதைக்குது. இவ கண்ணு மூடுறதே... விடியறப்பதான். எழுப்ப... எனக்கு மனசு வரல.”

“அதனால?”

மருமகள் அழத் தொடங்கினாள்.

“காலைல ஊதலைன்னா... ஆய்வுல இருந்து எடுத்துடுவீங்களோன்னு... ரெண்டு மாசமா... நானே ஊதிட்டேன்.”

டாக்டர் திரையில் இறங்கிக் கிடந்த கோட்டையும், மேல்மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து மாமியாரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

“கட்டிலை ரெடி பண்ணுங்க சிஸ்டர்” என்றார், மெல்ல. “இந்த அம்மாவுக்கு.”