ஒரு போன்கூட வரல

குடிநீரில் கிருமி கலந்துவிட்டது என்ற எச்சரிக்கை எல்லார் கைபேசிக்கும் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. சுகாதார உதவி மையத்தில் ஒரு போன்கூட அடிக்கவில்லை.

மேலதிகாரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"போன தடவை காது கிழியற மாதிரி அடிச்சுது. இப்ப ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். செய்தி போச்சா இல்லையாம்மா?"

"எல்லாருக்கும் போயிடுச்சு சார்" என்றாள் அதை எழுதியவள்.

"அப்ப யாரும் படிக்கல. போன தடவைக்கு அப்புறம் நீ வீடு வீடாப் போய், அடுப்படியில உக்காந்து, அங்க இருக்கறவங்களைப் படிக்கச் சொல்லி, புரியாததை மாத்தி மாத்தி எழுதினியே, எல்லாம் வீண். ஜனங்க இந்நேரம் குழாய்த் தண்ணியைத்தான் குடிச்சுக்கிட்டு இருப்பாங்க."

அவள் அனுப்பிய செய்தியைத் திறந்து இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

பொறுக்கமாட்டாமல் அவர் தன் வீட்டுக்கே போன் போட்டார். மனைவி எடுத்தாள்.

"செய்தி வந்துதா?"

"வந்துதே. தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கு. பக்கத்து வீட்டுலயும் அடுப்புல ஏத்திட்டாங்க."

"அப்ப ஏன் ஒருத்தரும் இங்க கூப்பிடல?"

"எதுக்குக் கூப்பிடணும்? போன தடவை குளிக்கலாமா, பாத்திரம் கழுவலாமான்னு நானே உங்க உசிரை எடுத்தேன். இந்தத் தடவை நான் கேக்க நினைச்சதுக்கெல்லாம் அதுலயே பதில் இருக்கு. நீங்களா எழுதினீங்க?"

அவர் நடையை நிறுத்தினார். சத்தமில்லாமல் கிடந்த போன்களை வரிசையாக ஒருமுறை பார்த்தார்.

"நான் எழுதியிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்குமா?" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. "நம்ம ஆபீஸ் பொண்ணு எழுதினது."